நாற்பத்தெட்டாவது குரல்

ஏட்டி,

உன்னுடைய ஒற்றைச் சாக்ஸ் என் மேசைமேல் கிடக்கிறது. பழுப்புக் கம்பளி, செருப்பு மாட்ட வசதியாகக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்தது. டெல்லி முனிர்காவில் நமக்கு வாய்த்த முதல் குளிர்காலத்தில், தள்ளுவண்டிக்காரனிடம் தமிழும் இந்தியும் கலந்து சண்டை போட்டு நீ வாங்கிய ஜோடியில் ஒன்று. பாச்சை உருண்டை வாசனை அடிக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் அதற்கும் அடியில் உன் தேங்காய் எண்ணெய் வாசனை இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எப்படி இருக்கும்? இருக்காது. ஆனாலும் நாலு தடவை முகர்ந்து பார்த்துவிட்டேன்.

சாக்ஸுக்குள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை துவாரகாவுக்குப் போனபோது உன் வீட்டுக்காரர் கொடுத்தார். நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இன்னும் உன் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினால் "இரு புள்ள, வாரேன்" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும் என்றுதான் காது காத்திருக்கிறது. அவர்தான் வந்து திறந்தார். விமான நிலைய டியூட்டி முடிந்து வந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. உன் மகள் சோபாவில் குப்புறப் படுத்து இந்தியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போட்ட காபியில் சர்க்கரை கூடுதல்.  நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தயங்கித் தயங்கி இந்தச் சாக்ஸை எடுத்து வந்தார்.

"ஏனுங்க, இதுல ஒரு டிஸ்க் இருக்குதுங்க. பீரோவுல துணிக்கு அடியில வெச்சிருந்தா. எங்க ஊட்டுக் கம்ப்யூட்டர்லயும் இதே மாதிரி 'குரல்'னு ஒரு ஃபோல்டர் இருக்குது. ரெண்டும் ஒண்ணுதானான்னு எனக்குத் தெரியறதில்லீங்க. நீங்க பாத்துச் சொன்னீங்கன்னா, இதக் காலி பண்ணிப் பாப்பாவுக்கு கேம்ஸ் போட்டுக் குடுத்தர்லாம்."

ரெண்டும் ஒண்ணுதானா. இதே கேள்விக்கு நான் முன்பு ஒரு தடவை அவசரப்பட்டுப் பதில் சொல்லி, உன்னை என்ன பாடு படுத்தினேன் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் கையில் கொடுத்திருக்க மாட்டார். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, இரண்டையும் கைப்பையில் வைத்து, மெட்ரோவில் வரும் வழியெல்லாம் பையை மடியிலேயே வைத்திருந்தேன். தோளில் மாட்டப் பயமாக இருந்தது.

முனிர்காவில் நாம் வேலை பார்த்த அந்த மாடியில் இப்போது ஜிம் நடக்கிறது. போன வருஷம் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். நம்முடைய பின் ரூம் இருந்த இடத்தில் ஒருத்தன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். உன்னிடம் போனில் சொன்னேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். டெலிபோனில் ஆள் பேசினால் மெஷின் புரிந்துகொள்ள வேண்டும், அதற்கு விதவிதமான குரல் சேர்த்துக் கொடுப்பதுதான் நமக்கு வாய்த்த பிழைப்பு. வங்காளிக்கு இரண்டு பேர், பஞ்சாபிக்கு ஒருவர், தமிழுக்கு நீயும் நானும். நீ வீடு வீடாகப் போய்க் குரல் பிடிப்பாய். நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து புரோகிராம் எழுதுவேன்.

டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டி, மைக்கை இந்தச் சாக்ஸுக்குள் செருகி நீ கிளம்புகிற அழகு இருக்கிறதே. பேசுகிறவர் முன்னால் நீட்டும்போதும் சாக்ஸைக் கழற்ற மாட்டாய். ஃபேன் காற்று மைக்கில் இரையாமல் இருக்க அதுதான் நல்லது என்று நீயே கண்டுபிடித்தது. "சாக்ஸுகிட்டப் பேசச் சொல்றியேம்மா" என்று ஆர்.கே.புரத்துப் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார், நினைவிருக்கிறதா? ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய வாக்கியங்கள் கொண்ட தாள் ஒன்று. 'எங்கள் வீட்டுக்கு அருகில் தபால் நிலையம் உள்ளது.' 'நாளை காலை எட்டு மணிக்குப் பேருந்து புறப்படும்.' இதையே கேட்டுக் கேட்டு, தூக்கத்தில்கூடப் பேருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது நமக்கு.

மொத்தம் ஆறே கேசட். எல்லா மொழிக்கும் பொது. பிடித்துவந்த குரலைப் பின் ரூம் மெஷினில் ஏற்றியதும் கேசட்டைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அடுத்து யார் எடுக்கிறார்களோ அவர்கள் அதன்மேலேயே பதிவு செய்வார்கள். பின் ரூம் மெஷினில் 'குரல்' என்று ஒரு ஃபோல்டர், அப்போது டைரக்டரி என்போம். வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை, நீ அதிலிருந்து என்னுடைய முன் ரூம் மெஷினுக்கு நகலெடுப்பாய். அங்கேயும் 'குரல்' என்றே பெயர். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒழுங்காக எழுதிப் பார்த்தால்தான் நான் செய்த காரியம் எனக்கே முழுசாக உறைக்கிறது.

அந்தச் சித்திரையில் உன் அம்மா வந்திருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில், தேங்காயும் கடலை எண்ணெயும் சுமந்துகொண்டு. உன்னைக் கையோடு கூட்டிப்போய்க் கல்யாணம் பண்ணிவைக்க வந்தவர், பத்து நாள் நம் மூன்றாவது மாடி அறையில் இருந்துவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். வீட்டுக்கார ஆன்ட்டியிடம் தமிழிலேயே பேசி, அவளிடமிருந்து தினமும் மோர் வேறு வாங்கி வந்தார். எனக்கு இன்றுவரை அந்த வித்தை வரவில்லை.

கடைசி நாள் பொழுது சாய்ந்த நேரம். மறுநாள் அவருக்கு ரயில். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி இறக்கிவிட்டு அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், அடுப்படியில், அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். நீ டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, உன் வேலை எப்படி என்று அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாய். சாக்ஸ் மாட்டிய மைக்கை அவர் வாயருகே நீட்டினாய். அவருக்குப் படிக்கத் தெரியாது. நீ வாக்கியத்தைச் சொல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லாமல் ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் பண்ணினார். கடைசியில் அவர் ஏதோ சொல்ல, நீ சிரிக்க, எனக்கும் சிரிப்புத் தாங்காமல் கரண்டி எண்ணெய்க்குள் விழுந்துவிட்டது. சும்மா விளையாட்டுக்குக் காட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். பட்டன் அமுங்கியிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டு நீ ஓடினாய். "பத்து நிமிசம் புள்ள, வந்தர்றேன், அம்மாவுக்கு இட்லி எடுத்து வை." லீவு எழுதிக்கொடுக்கப் போகிறாய் என்று நினைத்தேன். திரும்பி வந்து அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கிளம்பினாய். நான் ஆபீஸுக்குப் போனேன்.

போனதும் முதலாளி சாப் வந்து நின்றார். "பீச்சே வாலா மெஷின் காலி கரோ, ஜல்தி." பின் ரூம் மெஷினை உடனே காலி பண்ண வேண்டுமாம், வங்காளிக் குரல்களுக்கு இடம் போதவில்லையாம். தமிழ் எல்லாம் முன் ரூமில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பின் ரூமை அழிக்க வேண்டும். இதென்ன பெரிய காரியம் என்று உட்கார்ந்து ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். எட்டே வரி. ஒரு டைரக்டரியில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடு, அந்தப் பெயர் மற்றதில் இருக்கிறதா பார், இல்லாவிட்டால் திரையில் எழுது. ஓட்டினேன். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. வித்தியாசமே இல்லை என்று கைதட்டிவிட்டு, பின் ரூம் மெஷினில் இருந்ததை மொத்தமாகத் துடைத்தேன். மத்தியானத்துக்குள் வங்காளிப் பெண் அதில் தன் குரல்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டாள்.

என்ன செய்திருந்தேன் தெரியுமா? தெரியும் உனக்கு. முன் ரூமில் இருப்பதெல்லாம் பின் ரூமில் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். பின் ரூமில் இருப்பதெல்லாம் முன் ரூமில் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. நான் உட்கார்ந்திருந்தது முன் ரூம் மெஷினில், அதனால் அங்கிருந்தே பார்த்தேன். அவ்வளவுதான் காரணம். அந்த வாரம் நீ பிடித்துவந்த எட்டுப் பேரின் குரல் பின் ரூமில் மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமை இன்னும் வரவில்லையே.

ஸ்டேஷனிலிருந்து நீ திரும்பியதும், "ஏட்டி, ஒன் மெஷினத் தொடச்சி வச்சிட்டேன், எல்லாஞ் சரியா இருந்திச்சி" என்று நானே பெருமையாகச் சொன்னேன். நீ பையைக்கூட இறக்கவில்லை. "இந்த வாரத்துது?" என்றாய். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நீ பின் ரூமுக்குப் போய்த் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கேசட் பெட்டியைத் திறந்து பார்த்தாய். ஆறில் ஐந்து வெளியே போயிருந்தது, மிச்சமிருந்த ஒன்றில் பஞ்சாபிக் குரல். அந்த வாரத்து லிஸ்டில் எட்டுப் பேர் என்று நான் சொன்னதும் பெட்டியை மூடிவிட்டுத் திரும்பினாய்.

"எட்டுப் பேரா?" என்றாய். தண்ணீர் குடித்தாய். "பரவால்ல புள்ள. மறுக்காப் போயி எடுத்துக்கலாம்."

உன் முகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். அந்த வெயிலில் எட்டு வீடு மறுபடி ஏறி இறங்க வேண்டுமே என்ற மலைப்பு என்று நினைத்தேன். எனக்கு என்மேலேயே அத்தனை ஆத்திரம். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து நீயே என் கையில் உருட்டி வைத்தாய். "எட்டுப் பேரு எங்கயும் ஓடிப்போயர்ல. தின்னு."  ஆறுதல் சொல்லவேண்டியவள் நான், சோறு தின்றவளும் நான்.

எட்டுப் பேரையும் திரும்ப எடுத்தாய். மூன்று வாரம் ஆயிற்று. சில நாள் நானும் கூட வந்தேன். ஆர்.கே.புரத்துப் பெரியவருக்கு ஒரே சந்தோஷம். "போன தடவ எனக்குச் சளி, தொண்ட கட்டிண்டிருந்தது. நல்லவேள திரும்ப வந்தேள்" என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து படித்தார். நீ சிரித்தபடி சாக்ஸை நீட்டினாய். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டாய்: "அழிச்சது திரும்ப வருமா புள்ள? எப்படியாச்சும்?"

பெரிய மேதாவி மாதிரி நான் சொன்னேன்: "அது மேல வங்காளி எழுதியாச்சில்லா. வராது. போனது போனதுதான். அதான் எட்டுப் பேரையும் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு அத நெனைக்க?"

நீ பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு "சும்மாதான் கேட்டேன்" என்றாய்.

வேலை நாற்பத்தேழு பேரோடு முடிந்தது. வங்காளி வேலை முடிந்ததும் பின் ரூமுக்கும் திரும்ப நகலெடுத்துவிட்டதால் இரண்டு மெஷினிலும் நாற்பத்தேழு. இரண்டும் அச்சு அசல் ஒன்று. இனி தமிழ் வேண்டாம் என்று சாப் சொல்லிவிட்டார்.

புரட்டாசியில் ஒரு நாள் கீழே எஸ்.டி.டி. பூத்துக்காரர் மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். உன் அண்ணன் லைனில் இருந்தார். நீ இறங்கிப் போய் ரிசீவரைக் காதில் வைத்தாய், "எப்பங்ணா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாய். அம்மா காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் அங்கேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டாராம். ரிசர்வேஷன் கிடைக்காமல் நீ உட்கார்ந்தே ஊர் போனாய். நீ போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து திரும்பி வந்த மறுநாள், ஆபீஸில் டீ குடிக்கும்போது, "போட்டோ இருக்கா?" என்று கேட்டேன். "போட்டோ இருக்குது" என்றாய். அதோடு என் வாய் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"பாத்தியாட்டி, டெல்லியில உள்ள குரலெல்லாம் புடிச்சோம். ஒங்கம்மா பத்து நாள் இருந்தாங்க, அவங்க குரலப் புடிக்கணும்னு தோணலியே நமக்கு."

நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். "ஆமா புள்ள. தோணல."

அப்புறம் எழுந்து பின் ரூமுக்குப் போனாய். கதவைச் சாத்திக்கொண்டாய். அழட்டும் என்று நான் தொந்தரவு செய்யவில்லை.

அந்தக் கம்பெனியை மூடியபோது ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் நாற்காலி கேட்டேன். நீ பின் ரூம் மெஷினின் டிஸ்க்கைக் கேட்டாய். "அந்த ஓட்டை டிஸ்க்க வச்சி என்னட்டி செய்யப்போற, தேங்கா ஒடைக்கவா?" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் பண்ணினேன். முன் ரூமில் இருந்ததை ஞாபகத்துக்காக ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தேன். உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது அதுதான். அப்புறம் உனக்குக் கல்யாணம், துவாரகா. எனக்கு வேறு வேலை, ஊரின் அந்தக் கோடி. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் விடாமல் இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரி. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் எழுதியாக வேண்டும். கடைசிக்கு முந்தின வாரம், வார்டில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாய். "புள்ள, என்ற அம்மா முனிர்காவுக்கு வந்திருந்தப்போ, ஒரு நா பொழுதோட, நீ அப்பளம் பொரிச்சிட்டிருந்தே…"

"பேசாம கெட" என்று அதட்டினேன். "மூச்சு வாங்குது பாரு. பழைய கதையெல்லாம் வீட்டுக்கு வந்து பேசிக்கிடலாம்."

நீ சரி என்று தலையாட்டினாய். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா நீ? அன்றைக்கு மட்டும் கேட்டுத் தொலைத்தாய்.

நேற்று உட்கார்ந்து மறுபடி அந்த ஸ்கிரிப்டை எழுதினேன். இந்த முறை எட்டு வரியில் முடிக்கவில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, உள்ளே இருப்பதும் ஒன்றா என்று பார்க்க வைத்தேன். முதலில் உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் சாக்ஸ் டிஸ்கில் இருக்கிறதா என்று கேட்டேன். திரையில் ஒரு வரியும் வரவில்லை. அன்றைக்கு முனிர்காவில் பார்த்த அதே வெறும் திரை. இவ்வளவு வருஷம் கழித்தும் அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, மறுபக்கத்திலிருந்து கேட்டேன். சாக்ஸ் டிஸ்கில் இருப்பதெல்லாம் அங்கே இருக்கிறதா?

ஒரு வரி வந்தது. நாற்பத்தெட்டு.

நமக்கு நாற்பத்தெட்டு என்று ஆளே கிடையாது. தேதியைப் பார்த்தேன். நீ ஊரிலிருந்து திரும்பிய மறுநாள். நான் டீ கிளாஸோடு அந்தக் கேள்வியைக் கேட்ட அதே நாள்.

ஹெட்போனை மாட்டினேன். முதலில் ஃபேன் இரைச்சல். அப்புறம் நீ. உன் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆயிற்று, ஏட்டி. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். சட்டென்று கேட்க முடியவில்லை. கால்மணி நேரம் கழித்துத்தான் திரும்ப மாட்டினேன்.

"நாப்பத்தெட்டாவது ஆளு. பொம்பள. வயசு அம்பத்தாறு. படிக்கத் தெரியாது. மொதல்ல எடுத்தது அழிஞ்சுபோச்சு. அதனால நானே சொல்றேன், நெனப்பிருக்கற வரைக்கும்."

 பிறகு உன் குரல் மாறியது. கொஞ்சம் கரகரத்து, வார்த்தையின் கடைசியை இழுத்து. உன் அம்மா பேசினார்.

"தபாலாபீசு பக்கத்துல இருக்குதுன்னு நா எதுக்கு சாமி சொல்லோணும்? நம்மூட்டுக்குப் பக்கத்துல எங்க இருக்குது? மூணு மைலு நடக்கோணும். உன்ற மொதலாளி பொய் சொல்லச் சொல்லுவானா? எட்டு மணிக்கு பஸ்ஸு பொறப்புடுமா? அவன் என்னிக்கு எட்டு மணிக்கு எடுத்தான்? இந்த மாடிய நாளைக்கு எத்தன தடவ ஏறி எறங்கற கண்ணு, காலு நோவாதா? அந்தத் திருநெல்வேலிப் புள்ள நெம்பக் கத்துது. ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்கறதில்ல. அவளோடயே இரு, எனக்கு அது போதும்."

 அந்த வெளுத்த முகம், கேசட் பெட்டி, பஸ் ஸ்டாப்பில் கேட்ட கேள்வி, தேங்காய் உடைக்கவா என்று நான் சிரித்தது, ஒவ்வொன்றாக வந்து மேலே விழுந்தது. அன்று காலை பத்து நிமிஷம் என்று ஓடினாயே, அம்மா குரலை ஏற்றத்தான் ஓடியிருக்கிறாய். நான் துடைத்தது எட்டுப் பேரை இல்லை, ஒன்பது பேரை. திரும்பப் போய் எடுக்க முடியாத ஒருத்தரையும் சேர்த்து.

அம்மா குரல் நின்று, மறுபடி நீ பேசினாய்.

"அப்பறம் கடைசியா என்னமோ சொல்லுச்சு. மைக்கப் பாத்துத்தான் சொல்லுச்சு. நாங்க மூணு பேரும் அப்படிச் சிரிச்சோம். சிரிச்சது நெனப்பிருக்குது. சொன்னது வரமாட்டேங்குது." ஃபேன் இரைச்சல். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அவகிட்டக் கேட்டாத் தெரியும். கேட்டா எதுக்குக் கேக்கறேம்பா. அழிச்சது தாந்தான்னு தெரிஞ்சுபோயிரும். வேண்டாம். எட்டுப் பேருக்கே ஒரு வாரம் சோறு திங்கல அது."

டக்கென்று பட்டன் சத்தம். அவ்வளவுதான்.

பாவி மகளே. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான் அழுதிருப்பேன், ஒரு மாதம் சாப்பிடாமல் கிடந்திருப்பேன், கிடந்துவிட்டுப் போகிறேன். உன்னிடம் இல்லாத அந்த ஒரு வரி என்னிடம் இருந்தது. அடுப்படியில் நின்று காதால் கேட்டவள் நான். இத்தனை வருஷமும் ஒவ்வொரு தடவை அப்பளம் பொரிக்கும்போதும் அது எனக்கு ஞாபகம் வரும், நானே சிரித்துக்கொள்வேன். உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியதில்லை, ஏனென்றால் உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உன் அம்மா சொன்னது உனக்குத் தெரியாமல் போகுமா? கடைசியில் நீ கேட்கவும் வந்தாய். பேசாமல் கிட என்று வாயை அடைத்தேன்.

இன்றைக்குத் துவாரகா போனேன். "ரெண்டும் ஒண்ணு இல்லீங்க, எதையும் அழிக்காதீங்க" என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, உன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கரில் போட்டேன். முதல் வார்த்தையிலேயே கார்ட்டூனை நிறுத்தினாள். "மம்மி ஹை!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழம்பிப்போய், "ஆன்ட்டி, மம்மி ஏன் வேற மாதிரி பேசுறா?" என்றாள். அது உன் பாட்டி பேசுகிற மாதிரி என்றேன். பாதித் தமிழ் அவளுக்குப் புரியவில்லை. பஸ் விஷயம் புரிந்தது. அதற்குச் சிரித்தாள், மறுபடி போடச் சொன்னாள், மறுபடியும் சிரித்தாள். உன் வீட்டுக்காரர் துணி எடுக்கப் பால்கனிக்குப் போனவர், கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

திரும்பி வந்து, மைக்கில் இந்தச் சாக்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். விட்டுப்போன வரியை என் வாயால் சொல்லிப் பதிவு செய்து, நாற்பத்தொன்பது என்று பெயர் கொடுத்து, டிஸ்கிலும் பென்டிரைவிலும், இரண்டு பக்கத்திலும் போட்டுவிட்டேன். உங்கள் ஊர்ப் பேச்சு என் நாக்கில் நிற்கவில்லை, நீ கேட்டால் "என்ற அம்மா இப்படியா பேசும்?" என்று அடிக்க வருவாய். ஆனால் உனக்குக் கேட்க வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நீ கேட்க வந்ததற்குப் பதில் இது. நான் அப்பளத்தைத் திருப்பிப் போட்டேன். நீ மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினாய். உன் அம்மா சாக்ஸை உற்றுப் பார்த்துவிட்டு, உன்னையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த டப்பாவுக்கு என்ற பேச்சு வெளங்கிருமா சாமி? நா பெத்தது, உனக்கே வெளங்கறதில்ல."

இதுதான். இப்போது சிரி.